பெரிய நன்னீர் மீன் தொட்டிக்கு ஃபில்டரும் லைட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலடிக்கு மேல, சுமாரா 300 லிட்டர் தாண்டின தொட்டி வைக்கப் போறவங்க எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குறத எல்லாம் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். என்னோடது ஆறடி தொட்டி, 6க்கு 2க்கு 2. அதுக்கு மூணு தடவ ஃபில்டர் மாத்தியிருக்கேன், ரெண்டு தடவ லைட் மாத்தியிருக்கேன், ஒரு தடவ ராத்திரி 2 மணிக்கு வீட்டுத் தரையில குளம் கட்டியிருக்கேன் (அந்தக் கதை கீழ வருது). பெரிய தொட்டி வாங்குற முக்கால்வாசி பேரு ஃபில்டர சின்னதா வாங்கிடுறாங்க, லைட்ட பெருசா வாங்கிடுறாங்க. அத அப்படியே தலைகீழாப் பண்ணிட்டா பாதி தொல்லை வராது, அதத்தான் கீழ விதவிதமா சொல்லியிருக்கேன்.

என் தொட்டி எத்தனை லிட்டர்னு எப்படிக் கணக்குப் போடுறது?

நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல எடுத்துப் பெருக்கி 1000-ஆல வகுங்க. 180 x 60 x 60 தொட்டின்னா 648 லிட்டர். ஆனா அது வெளி அளவு. கண்ணாடி தடிமன், மேல விடுற இடைவெளி, அடியில போடுற மணல், கட்டை கல்லு எல்லாம் போக உள்ள நிக்கிற தண்ணி 520, 550 அவ்ளோதான் வரும். ஃபில்டர், மருந்து, லைட் எல்லாத்துக்கும் இந்த உள் கணக்க வெச்சுக்கோங்க. ஸ்டாண்டுக்கு மட்டும் முழுக் கணக்கு, ஏன்னா தண்ணி, கண்ணாடி, மணல், கல்லு எல்லாம் சேந்து முக்கால் டன்னத் தாண்டிடும்.

ஃபில்டர் அழுக்க எடுக்கும்னு தெரியும். வேற என்ன பண்ணுது?

அழுக்க எடுக்குறது அதோட சின்ன வேலை. மீனோட செவுள்லருந்தும் கழிவுலருந்தும் அம்மோனியா வந்துக்கிட்டே இருக்கும், மிச்சம் விழுற தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஃபில்டருக்குள்ள குடியிருக்கிற பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், அப்புறம் நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் மீனக் கொல்லும், மூணாவது கொஞ்சம் சாது, அத வாராவாரம் தண்ணி மாத்தி வெளியேத்தணும். ரொம்ப நாளா இந்த ரெண்டு படியையும் வேற வேற பாக்டீரியாதான் செய்யுதுன்னு நெனச்சிட்டு இருந்தாங்க, 2015-லதான் நைட்ரோஸ்பைரா வகையில சிலது ஒத்த ஆளா ரெண்டு படியையும் முடிக்கும்னு கண்டுபிடிச்சாங்க. நமக்கு அதுல தெரிய வேண்டியது ஒண்ணுதான்: இதுங்க தண்ணியில மிதக்குறது ரொம்பக் கம்மி, ஏதாவது ஒரு பரப்புல ஒட்டித்தான் வாழும், ஆக்சிஜன் வேணும், தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். ஃபில்டர் வாங்குறோம்னா இதுங்களுக்கு ஒரு வீடு வாங்குறோம்னு அர்த்தம்.

பி.ஹெச் ஏற ஏற அம்மோனியாவோட விஷம் ஏறும், அதையும் சொல்லிடுறேன். 25 டிகிரியில பி.ஹெச் 7-ன்னா மொத்த அம்மோனியாவுல ஒரு சதவீதத்துக்கும் கீழதான் விஷ வடிவத்துல இருக்கும், 8-க்குப் போனா அஞ்சு சதவீதம் கிட்ட வந்துடும். அதனால பி.ஹெச் ஒசந்து நிக்கிற உப்புத் தண்ணி, கடினத் தண்ணி வெச்சிருக்கிறவங்க ஃபில்டர்ல கஞ்சத்தனம் பண்ணவே கூடாது.

மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுற ஃபில்டர் வேணும்?

தொட்டித் தண்ணியப் போல மணிக்கு 4 மடங்குலருந்து 6 மடங்கு வரைக்கும்னு ஒரு கணக்கு உண்டு. டெட்ரா மாதிரி சின்ன மீனு, நெறைய செடி இருந்தா 4 தாராளம். ஆஸ்கர், பெரிய சிச்லிட், கோல்ட்ஃபிஷ்னா 8, 10-ன்னு போங்க. இதுல எல்லாரும் ஏமாறுற எடம் ஒண்ணு இருக்கு, பெட்டியில போட்டிருக்கிற எண்ணு மீடியா (பாக்டீரியா குடியேற உள்ள போடுற ஸ்பாஞ்ச், செராமிக் எல்லாம்) இல்லாம, தண்ணிய மேல தூக்காம, காலி மோட்டார ஓடவிட்டு எடுத்த எண்ணு. உள்ள ஸ்பாஞ்சும் செராமிக்கும் நெரப்பி, ஸ்டாண்டுக்கு அடியிலருந்து அஞ்சடி மேல ஏத்தினா அதுல பாதி, மிஞ்சிப்போனா அறுபது சதவீதம் வரும்.

சந்தேகமா இருந்தா நீங்களே அளந்துடலாம். 10 லிட்டர் வாளிய தொட்டியோட வாய் உயரத்துக்குத் தூக்கிப் பிடிங்க, தண்ணிய திருப்பி தொட்டிக்கு விடுற ரிட்டர்ன் குழாய வாளிக்குள்ள விட்டு போன்ல ஸ்டாப்வாட்ச் போடுங்க. 30 செகண்ட்ல நெரம்பினா மணிக்கு 1200 லிட்டர். நான் 2000-னு போட்டிருந்த ஒரு கேனிஸ்டர (தொட்டிக்கு வெளிய, கீழ நிக்கிற மூடின டப்பா ஃபில்டர்) இப்படி அளந்தப்ப 34 செகண்ட் ஆச்சு, கணக்குப் போட்டா 1060 கிட்ட. அதுவும் கழுவி ரெண்டே நாள்ல. மூணு வாரம் கழிச்சு அளந்திருந்தா அழுதிருப்பேன்.

ஆனா மடங்கு மட்டுமே பாத்துட்டு இருக்காதீங்க. மீடியா போடுற எடம் எத்தனை லிட்டர்னும் பாருங்க. சின்ன டப்பாவுல பெரிய மோட்டார் வெச்சு வேகமா ஓட்டுனா தொட்டியில புயல் அடிக்கும், பாக்டீரியாவுக்கு வீடு மட்டும் அதே ஒண்டுக் குடித்தனம்தான்.

கேனிஸ்டரா, சம்ப்பா?

இதுக்குத்தான் சண்டையே நடக்கும். நாலடி, அஞ்சடி வரைக்கும் கேனிஸ்டர், ஆறடியும் அதுக்கு மேலயும், கூடவே அழுக்கு பண்ற பெரிய மீனும்னா சம்ப், இது என் கணக்கு.

கேனிஸ்டர் வாங்கி வெச்சு குழாய் மாட்டினா வேலை முடிஞ்சுது, சத்தம் இல்ல, கண்ணாடியில ஓட்டை போட வேணாம், கார்பன் டை ஆக்சைடு போட்டு செடி வளக்கிறவங்களுக்கு வாயு வீணாப் போகாது. கெட்டது என்னன்னா மூடியத் தொறந்து கழுவுறது பெரிய வேலை, பெரிய வேலைங்கிறதால தள்ளிப் போடுவோம், தள்ளிப் போட்டா உள்ள சேறு கட்டும். அப்புறம் அந்த ஓ-ரிங், மூடியில இருக்கிற ரப்பர் வளையம். ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாக்கூட சொட்டுச் சொட்டா கசியும். மூடுறதுக்கு முன்னாடி விரலால ஒரு சுத்து தடவிப் பாத்துட்டு சிலிக்கான் கிரீஸ் லேசா பூசுங்க. வாஸ்லின் பூசாதீங்க, ரப்பர் ஊதிப் போயிடும்.

பெரிய தொட்டின்னா ஒரே பெரிய கேனிஸ்டர விட நடுத்தரமா ரெண்டு வாங்குறது நல்லது, ஆளுக்கொரு மூலையில. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு ஓடும், இந்த மாசம் ஒண்ணக் கழுவினா அடுத்த மாசம் இன்னொண்ணக் கழுவலாம், பாக்டீரியா மொத்தமா அடிபடாது.

சம்ப்புன்னா கீழ இன்னொரு தொட்டி. மேல இருந்து தண்ணி தானா வழிஞ்சு கீழ வரும், அறை அறையாத் தாண்டி கடைசி அறையில இருக்கிற ரிட்டர்ன் பம்ப் திருப்பி மேல ஏத்தும். மொத்தத் தண்ணி கூடும், மீடியா எவ்ளோ வேணா கொட்டலாம், ஹீட்டர எல்லாம் கீழ ஒளிச்சு வெச்சிடலாம், ஆவியாகுறது எல்லாம் கடைசி அறையில மட்டும்தான் தெரியும், மேல தண்ணி மட்டம் அசையாது. தண்ணி வழிஞ்சு விழுறப்பவே ஆக்சிஜனும் ஏறிடும். தண்ணி வழிஞ்சு கீழ எறங்குற ஓவர்ஃப்ளோவுக்கு கண்ணாடியில ஓட்டை போடணும்ங்கிறதுதான் பயம். தொட்டி செய்யும்போதே போட்டுடுங்க, டெம்பர்டு கண்ணாடின்னா பின்னாடி ஓட்டை போடவே முடியாது, ட்ரில்ல வெச்ச உடனே மொத்தமா உதிந்துடும்.

சம்ப் வெச்சா தண்ணி கீழ வழியுமா? ரொம்பப் பேரு பயமுறுத்துறாங்க.

வழியும், நாம கணக்குப் போடாம விட்டா. இப்பதான் அந்தக் கதை.

என் முதல் சம்ப்ல ரிட்டர்ன் குழாயோட வாய தண்ணிக்கு அடியில 10 சென்டிமீட்டர் எறக்கி வெச்சிருந்தேன், நீரோட்டம் அழகா அடியில போகட்டும்னு. கரண்ட் இருக்கிற வரைக்கும் அழகாத்தான் போச்சு. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போச்சு, பம்ப் நின்னுது, அதே குழாய் சைஃபன் ஆகி மேல இருக்கிற தண்ணிய கீழ இழுக்க ஆரம்பிச்சிடுச்சு, குழாய் வாய் காத்து குடிக்கிற வரைக்கும் நிக்காது. ஆறுக்கு ரெண்டடி தொட்டியில 1 சென்டிமீட்டர் எறங்கினாலே 10 லிட்டர், 10 சென்டிமீட்டர்னா 100 லிட்டர். சம்ப்ல காலி எடம் இருந்தது 40 லிட்டர். மிச்சம் 60 லிட்டர் எங்க போச்சுன்னு காலுல ஈரம் பட்டப்பதான் தெரிஞ்சுது.

அதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள். ரிட்டர்ன் குழாய்ல தண்ணி மட்டத்துக்கு ஒட்டினாப்ல கீழ ஒரு சின்ன ஓட்டை போடணும், மட்டம் கொஞ்சம் எறங்கின உடனே அது வழியா காத்து ஏறி சைஃபன் அறுந்துடும். அந்த ஓட்டையில பாசி அடைக்கும், மாசத்துக்கு ஒரு தடவ பல் குத்துற குச்சியால குத்தி விடுங்க. செக் வால்வ் (தண்ணிய ஒரே பக்கம் மட்டும் போக விடுறது) போட்டுக்கலாமேன்னு கேப்பாங்க, போடலாம், ஆனா அத நம்பித் தூங்காதீங்க, ஒரு நத்தை ஓடு மாட்டினாலே வாய் மூடாது.

இதுக்கு எதிர்ப் பக்கம் ஒரு ஆபத்து இருக்கு. எறங்குற குழாய் அடைச்சுக்கிட்டா பம்ப் மேல ஏத்திக்கிட்டே இருக்கும், அப்ப மேல இருக்கிற தொட்டி வழியும். அதனால ரிட்டர்ன் அறைய சின்னதா வெக்கணும், அதுல இருக்கிற தண்ணி மொத்தமும் மேல போனாலும் தொட்டியோட மேல் இடைவெளி தாங்குற மாதிரி. எறங்குறதுக்கு ஒரு குழாயோட நிறுத்தாம ரெண்டாவதா அவசரக் குழாய் ஒண்ணு போட்டுடுங்க. எல்லாம் மாட்டி முடிச்சதும் மீன் விடுறதுக்கு முன்னாடியே பிளக்கப் புடுங்கிப் பாருங்க, மறுபடி சொருகிப் பாருங்க, அஞ்சாறு தடவ.

டாப் ஃபில்டர், ஹேங் ஆன், ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதெல்லாம் போதாதா?

ஹேங் ஆன், அதாவது தொட்டி விளிம்புல தொங்குறது, ரெண்டடி தொட்டிக்குச் சரி, பெரிய தொட்டியில அது யானைக்குச் சோளப்பொரி. தொட்டி மேல ஒக்கார்ற டாப் ஃபில்டர்ல மீடியா எடம் நல்லா இருந்தா ஓகே, ஆனா லைட் வெக்கிற எடத்த அது புடிச்சுக்கும். ஏர் பம்புல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டர மட்டும் கொறச்சு எடை போடாதீங்க, பாக்க அசிங்கமா இருந்தாலும் பெரிய தொட்டியில மூலைக்கு ஒண்ணு ஓட விட்டா அது உங்க இன்சூரன்ஸ். கரண்ட் போனாலும் பேட்டரி ஏர் பம்புல ஓடும், தனியா குவாரண்டைன் தொட்டி போடணும்னா அதத் தூக்கி அங்க வெச்சுக்கலாம், பாக்டீரியாவோட.

மீடியா எது போடுறது? எந்த வரிசையில?

முதல்ல பெரிய துளை ஸ்பாஞ்ச், அப்புறம் சின்னத் துளை ஸ்பாஞ்ச், அதுக்கப்புறம் பாக்டீரியா குடியிருக்கிற பயோ மீடியா. தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்து அந்த வரிசைய வெக்கணும், நெறைய கேனிஸ்டர்ல கீழருந்து மேல போகும், அங்க போயி செராமிக்க அடியில வெச்சா சேறு மொத்தமும் அது மேல ஒக்காந்துடும்.

பயோ மீடியான்னா விலை ஒசந்த ரிங்குதான் வேணும்னு இல்ல. எரிமலைக் கல்லு, பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் ஸ்க்ரப்பர் (சோப்பு கலக்காதது), சாதா ஸ்பாஞ்ச் எல்லாத்துலயும் பாக்டீரியா ஜோராக் குடியேறும். இத்தனை சதுர மீட்டர் பரப்புன்னு பெட்டியில போடுறதுல பாதி பரப்பு கண்ணுக்குத் தெரியாத துளைக்குள்ள இருக்கு, அந்தத் துளை நாலு மாசத்துல சேறு அடைச்சிடும், அப்புறம் அந்தப் பரப்பு யாருக்கு? நான் பெரும்பாலும் இன்ச்சுக்கு 30 துளை இருக்கிற ஸ்பாஞ்ச்தான் நெரப்பி வெச்சிருக்கேன். சம்ப்ல எடம் இருந்தா மிதக்குற கே1 மாதிரி பிளாஸ்டிக் மீடியாவ ஏர் ஸ்டோனால உருட்டி விடலாம், அதுங்க ஒண்ணோட ஒண்ணு உரசி தானாவே சுத்தமாயிடும். பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கும் அது.

ஃபில்டருக்குள்ள கார்பன் (கரி) எப்பவும் போட்டு வெக்கணுமா?

வேணாம். மருந்து போட்டு முடிச்சதும் மிச்சத்த எடுக்க, கட்டையிலருந்து எறங்குற பழுப்புச் சாயத்த எடுக்க, ஏதாவது வாடை வந்தா, அப்ப மட்டும் போட்டு சில வாரத்துல எடுத்துடுங்க. மருந்து போடும்போது உள்ள கார்பன் இருந்தா மருந்தையே குடிச்சிடும். அம்மோனியாவப் புடிக்கிற ஸியோலைட் கல்லு போட்டிருந்தா தொட்டியில உப்பு போடாதீங்க, புடிச்சு வெச்ச அம்மோனியாவ மொத்தமாத் திருப்பி விட்டுடும்.

ஃபில்டர எத்தனை நாளைக்கு ஒரு தடவ, எப்படிக் கழுவுறது?

ஓட்டம் கொறையுதுன்னு தெரிஞ்சா கழுவுங்க, தேதி பாத்து கழுவ வேணாம். தண்ணி மாத்தும்போது எடுத்த தொட்டித் தண்ணிய வாளியில புடிச்சு அதுலயே ஸ்பாஞ்ச நாலு தடவ பிழிஞ்சா போதும். குழாயில வர்ற குளோரின் தண்ணியில வெச்சு வெள்ளை வெளேர்னு கழுவுறவங்க பாக்டீரியாவையும் சேத்து கழுவி ஊத்திடுறாங்க, அப்புறம் ஒரு வாரத்துல மீன் சாவுது, "நேத்துதான் சுத்தம் பண்ணேன், எப்படி செத்துச்சு"ன்னு கேக்குறாங்க. நேத்து சுத்தம் பண்ணதாலதான். பொடி அழுக்கப் புடிக்க வெக்கிற வெள்ளைப் பஞ்சு இருந்தா அத மட்டும் தூக்கிப் போட்டு புதுசு வெக்கலாம், அதுல போறது கொஞ்சம்தான். பயோ மீடியாவ ஒரே நாள்ல மொத்தமா மாத்தாதீங்க.

கரண்ட் ரொம்ப நேரம் போனா என்ன ஆகும்?

மூடின கேனிஸ்டருக்குள்ள இருக்கிற ஆக்சிஜன பாக்டீரியா சீக்கிரமே குடிச்சு முடிச்சிடும், சில மணி நேரம் தாண்டினா உள்ள தண்ணி நாற ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அது அப்படியே ஸ்டார்ட் ஆயி அந்த நாத்தத் தண்ணிய மொத்தமா தொட்டியில கொட்டும். அதனால ராத்திரி முழுக்க போயிருந்தா பிளக்கப் புடுங்கிட்டு, தொறந்து உள்ள இருக்கிற தண்ணியக் கொட்டி, மீடியாவ தொட்டித் தண்ணியில அலசிட்டு ஓட விடுங்க. சம்ப்ல மீடியா தொறந்தவாக்குல இருக்கிறதால கொஞ்சம் தாங்கும். மீனுக்கு அந்த நேரத்துல முதல்ல வேண்டியது காத்துதான், பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு எப்பவும் கைவசம் இருக்கட்டும். தீனி போடாதீங்க, ஒரு நாள் பட்டினி கெடந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது.

வெயில் காலத்துல இது இன்னும் மோசம். 25 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிக்கும், 30-ல 7.5 தான். அதே நேரம் சூட்டுல மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், ரெண்டும் சேந்து அடிக்கும்.

யூவி லைட் வாங்கணுமா?

தண்ணி பச்சை சாயம் கரைச்ச மாதிரி ஆனா யூவி ஒரு வாரத்துல தெளிய வெச்சிடும், அதுக்கு அத மிஞ்ச ஆளில்ல. கண்ணாடியில, இலையில ஒட்டியிருக்கிற பாசிய ஒண்ணும் பண்ணாது, ஏன்னா விளக்குக்கு முன்னாடி போற தண்ணிய மட்டும்தான் அதால தொட முடியும். மெதுவா ஓடணும், பெரிய பம்ப்ல நேரா சொருகிட்டா பிரயோஜனம் இல்ல. பல்பு எரியிற மாதிரி தெரிஞ்சாலும் வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. எரியிறத நேரா கண்ணால பாக்காதீங்க.

தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. ஃபில்டர் சரியா வேலை செய்யுதுன்னு தானே அர்த்தம்?

இல்லீங்க. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கெடையாது. பளிங்குத் தண்ணியில மீன் மேல வந்து வாயப் பொளக்குறத பாத்திருக்கேன். டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி அம்மோனியா 0, நைட்ரைட் 0 வருதான்னு பாருங்க. நைட்ரேட்ட எந்த சாதா ஃபில்டரும் எடுக்காது, தண்ணி மாத்தித்தான் ஆகணும். சம்ப் இருந்தா மணி பிளான்ட் வேர தண்ணியில விட்டு எலைய வெளிய வெச்சுப் பாருங்க, அது நைட்ரேட்ட உறிஞ்சி வளர்ற வேகத்துல கொடி கதவத் தொட்டுடும்.

செடி இல்ல, பெரிய மீன் மட்டும்தான். என்ன லைட் வாங்குறது?

உங்க கண்ணுக்கு மீன் தெரியிற அளவு போதும். மீனுக்கு லைட்டே கேக்காது, பகலா ராத்திரியான்னு தெரிஞ்சா சரி. அரோவானா, ஆஸ்கர் எல்லாம் மங்கலா இருந்தாத்தான் நிம்மதியா சுத்தும். ஆறடிக்கு 30, 40 வாட்ஸ் எல்இடி யதேஷ்டம். இருட்டுல படக்குனு லைட்டப் போடாதீங்க, அரோவானா எம்பி மூடியில மோதும். ரூம் லைட்ட முதல்ல போட்டு, பத்து நிமிஷம் கழிச்சு தொட்டி லைட்டப் போடுங்க.

செடி வெக்கப் போறேன். எத்தனை வாட்ஸ் வேணும்?

வாட்ஸ் கணக்கு பழைய டியூப் லைட் காலத்தோடது, அத மறந்துடுங்க. ஒரு எல்இடி அதே வாட்ஸ்ல இன்னொரு எல்இடியப் போல ரெண்டு மடங்கு வெளிச்சம் குடுக்கும். தோராயமா லுமன் (லைட் குடுக்குற வெளிச்சத்தோட அளவு) வெச்சுப் பாக்கலாம்: லிட்டருக்கு 10-லருந்து 20 லுமன்னா கம்மி வெளிச்சம், 20-லருந்து 40 நடுத்தரம், அதுக்கு மேல பலமான வெளிச்சம். 550 லிட்டருக்கு 20 லுமன்னா 11,000 லுமன், நல்ல எல்இடியில 100, 110 வாட்ஸ் கிட்ட வரும்.

சரியான அளவுகோல் 'பார்' (PAR) மதிப்புதான், அது செடி பயன்படுத்துற வெளிச்சத்த மட்டும் அளக்கும். மணல் மட்டத்துல 30 வரைக்கும் இருந்தா அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் எல்லாம் பொழச்சுக்கும். 50-க்கு மேல போனா கார்பன் டை ஆக்சைடும் உரமும் குடுத்தே ஆகணும். பார் மீட்டர் விலை ஜாஸ்தி, வாங்க வேணாம், லைட் கம்பெனி அவங்க அட்டவணையில எந்த ஆழத்துல எவ்ளோன்னு போட்டிருப்பாங்க. அப்படி அட்டவணையே போடாத லைட்ட நான் செடித் தொட்டிக்கு வாங்க மாட்டேன்.

என்ன கேட்டா, ஆறடி தொட்டியில முதல் தடவ செடி வெக்கிறவங்க கம்மி வெளிச்சச் செடியோட ஆரம்பிங்க. அனுபியாஸோட கிழங்குத் தண்ட மணல்ல புதைக்காதீங்க, அழுகிடும், கட்டையில நூலால கட்டி விடுங்க.

என் தொட்டி ரெண்டடி ஆழம். வெளிச்சம் அடி வரைக்கும் போகுமா?

தெளிஞ்ச தண்ணி ரெண்டடியில பெருசா வெளிச்சத்தக் குடிக்காது. லைட்டுலருந்து தூரம் போகப் போக வெளிச்சம் விரிஞ்சு மெலிஞ்சிடுது, அதான் அடியில கம்மியாத் தெரியுது. கட்டைச் சாயத்தால தண்ணி டீ நிறத்துல இருந்தா அது வேற கதை, அங்க நல்லாவே கொறையும். அகலம் ரெண்டடி இருக்கிற தொட்டிக்கு நடுவுல ஒரே ஒரு பட்டை லைட் வெச்சா முன்னாடியும் பின்னாடியும் நிழல் விழும், அதே வெளிச்சத்த ரெண்டு பட்டையாப் பிரிச்சு முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு வெச்சா செடி நேரா வளரும். மேல் கண்ணாடியில உப்புக் கறையும் தூசியும் படிஞ்சிருந்தா முதல்ல அதத் தொடைங்க, புது லைட் வாங்குன மாதிரி இருக்கும்.

லைட்டோட நிறம் எத்தனை கெல்வின்? சிவப்பு நீலம் வேணுமா?

6500 கெல்வின் பக்கம் எதுன்னாலும் செடி வளரும். அதுக்கு மேல உங்க கண்ணோட ருசி. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கலந்த லைட்ல சிவப்பு மீனும் சிவப்பு எலையும் பளிச்சுனு தெரியும், அதுக்காக வாங்கலாம். ஊதா கலர்ல எரியிற தோட்ட லைட்ட மட்டும் வாங்காதீங்க, செடி வளரும், ஆனா பத்து நிமிஷம் உக்காந்து பாக்க முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

புதுத் தொட்டின்னா 6 மணி நேரம். ரெண்டு மாசம் கழிச்சு எல்லாம் செட்டில் ஆனா 8. அதுக்கு மேல செடிக்கு லாபமில்ல, பாசிக்குத்தான். டைமர் கட்டாயம் போடுங்க. நீங்க சாயங்காலம் வீட்டுக்கு வர்ற ஆளுன்னா லைட்டையும் மத்தியானத்துக்கு அப்புறம் ஆரம்பிக்க வையுங்க, காலையில 8 மணிக்குப் போட்டு ஆளில்லாத வீட்டுல எரிச்சு என்ன புண்ணியம்.

புது லைட் மாட்டி மூணு வாரத்துல தொட்டி முழுக்க பாசி. என்ன பண்றது?

வெளிச்சத்தக் கொறைங்க. மங்கலாக்குற வசதி இருந்தா 40 சதவீதத்துக்கு எறக்குங்க, இல்லன்னா ஒரு சாண் ஒசத்தி மாட்டுங்க. நான் ரெண்டாவது லைட் வாங்கினப்ப ஆசையில முதல் நாளே 100 சதவீதத்துல 10 மணி நேரம் எரிச்சேன், பன்னெண்டாவது நாள் ஜாவா ஃபெர்ன் எலை ஓரத்துல கறுப்பு மயிர் மாதிரி பாசி, விரலால இழுத்தாலும் வராது. பாதிச் செடிய வெட்டிப் போட்டேன்.

புதுத் தொட்டியில பழுப்புத் தூசி மாதிரி வந்தா அது டயட்டம், தொடைச்சு விட்டுட்டு காத்திருங்க, தானாப் போயிடும். நீலப்பச்சையா போர்வை மாதிரி மூடி, எடுத்தா வாடை அடிச்சா அது பாசியே இல்ல, பாக்டீரியா வகை, அழுக்கு தேங்குற எடத்துல ஓட்டம் இருக்கான்னு பாருங்க, மூணு நாலு நாள் முழு இருட்டுல வெச்சா கொறையும், ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும். தண்ணியே வெள்ளையாப் பால் மாதிரி ஆனா அதுவும் பாசி இல்ல, ஒண்ணும் பண்ணாதீங்க, சில நாள்ல தெளியும்.

டி5 டியூப் வெச்சிருக்கேன். எல்இடிக்கு மாறணுமா?

டியூப் நல்லா எரிஞ்சா அவசரமில்ல. வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துறீங்களாங்கிறது தான் விஷயம், கண்ணுக்குத் தெரியாமயே வெளிச்சம் கொறைஞ்சுக்கிட்டு வரும். டியூப் கெடைக்காமப் போறப்ப மாறிக்கோங்க.

கரண்ட் பில்லு எதுல ஏறும், லைட்லயா?

எல்லாரும் லைட்டத்தான் திட்டுவாங்க. 100 வாட்ஸ் லைட் 8 மணி நேரம் எரிஞ்சா 0.8 யூனிட். 60 வாட்ஸ் ரிட்டர்ன் பம்ப் 24 மணி நேரமும் ஓடும், 1.44 யூனிட். பம்ப் வாங்கும்போது வாட்ஸப் பாருங்க, டிசி பம்ப் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் நாளடைவுல கட்டிக் குடுத்துடும். ஹீட்டர் இருந்தா அது இந்த ரெண்டையும் முழுங்கிடும்.

ஷாக் அடிக்காம இருக்க என்ன பண்ணணும்?

30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் (கரண்ட் கசிஞ்சா தானா லைன நிறுத்துறது) வழியாத்தான் தொட்டி லைன் போகணும், இதுல பேரமே கெடையாது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏறணும், அப்பதான் வயர் வழியா எறங்குற தண்ணி பிளக்குக்குள்ள போகாம அந்தத் தொங்கல்ல சொட்டும். கைய விடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க.

கேனிஸ்டர் கடகடன்னு சத்தம் போடுது.

பெரும்பாலும் உள்ள காத்து. ஓடும்போதே லேசா சாய்ச்சு ஆட்டி விடுங்க, குமிழ் வெளிய வரும். அதுலயும் போகலன்னா இம்பெல்லர (மோட்டார்ல சுத்துற சின்ன விசிறி) கழட்டிப் பாருங்க, குட்டி நத்தை ஒண்ணு மாட்டியிருக்கும், இல்லன்னா அது சுத்துற ஷாஃப்ட் ஒடைஞ்சிருக்கும்.

எல்லாம் வாங்கி மாட்டியாச்சு. மீன எப்ப விடலாம்?

ஃபில்டர ஓட விட்டு நாலஞ்சு நாள்ல விடுறவங்கதான் அதிகம், அப்ப உள்ள பாக்டீரியாவே இருக்காது. மீன் இல்லாம அம்மோனியா கரைசல லிட்டருக்கு 2 மில்லிகிராம் வர்ற மாதிரி ஊத்தி டெஸ்ட் பண்ணிக்கிட்டே வாங்க. முதல்ல அம்மோனியா கொறையும், நைட்ரைட் ஏறும், அப்புறம் அதுவும் எறங்கும். பொதுவா 4-லருந்து 6 வாரம் ஆகும், பி.ஹெச் 6-க்குக் கீழ போயிட்டா வேலை நின்னு போன மாதிரி மெதுவாயிடும், அத மட்டும் பாத்துக்கோங்க. ஓடிட்டு இருக்கிற தொட்டி யார்கிட்டயாவது இருந்தா அவங்க ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல ஒரு துண்ட வாங்கி, நோய் இல்லாத தொட்டியான்னு கேட்டுக்கிட்டு, உங்க ஃபில்டருக்குள்ள போடுங்க, பாதி நாள் மிச்சம். இந்த நேரத்துல லைட்டே போட வேணாம், செடி வெச்சிருந்தா மட்டும் 6 மணி நேரம். ஊத்தின 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்துல அம்மோனியா 0, நைட்ரைட் 0-ன்னு காட்டுற அன்னிக்கு பாதிக்கு மேல தண்ணிய மாத்திட்டு, மறுநாள் முதல்ல நாலு மீன விடுங்க.